பெட்டியில் 28 வாட், மீட்டரில் 75 வாட்

வெயில் ஏறுவதற்குள் பழைய ஃபேன்களை மாற்றிவிடலாம் என்று மதுரையில் ஓர் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன், வெறும் 28 வாட், ரிமோட்டும் உண்டு என்றார் கடைக்காரர். கால்குலேட்டரைத் தட்டி, ஒரு ஃபேனுக்கு வருடம் 4,000 ரூபாய் மிச்சம் என்று காட்டினார். மூன்று வாங்கினேன், 9,300 ரூபாய். பில் போட்டால் வரி சேரும் என்றதால் மஞ்சள் தாளில் எழுதிய எஸ்டிமேட்டோடு திரும்பினேன். என் முதல் முட்டாள்தனம் அது.

இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுத்தார்கள். முன்பு 382 யூனிட், இப்போது 379. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "வெயில் காலம் சார், ஃபேன் கூடுதலாக ஓடியிருக்கும்" என்றார்.

அவருடைய கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். சாதாரண ஃபேன் 75 வாட். அதில் 28 போக 47 வாட் மிச்சம். அதை நாள் முழுக்க 24 மணி நேரம் ஓட்டி, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் அதிகம். 400 யூனிட்டுக்குள் நிற்கும் எங்களுக்கு யூனிட் ஐந்து ரூபாய்கூட வராது. ஆக, 4,000 என்பது 1,000 ரூபாய்தான். அதையும் காணோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு புது ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3,200 தடவை மின்னினால் ஒரு யூனிட். அது மீட்டரிலேயே அச்சாகியிருக்கிறது. 28 வாட் என்றால் ஐந்து நிமிடத்தில் ஏழெட்டுத் தடவை மின்ன வேண்டும். இருபது தடவை மின்னியது. அசல் 75 வாட்!

ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கியை மூடியிருந்த கிண்ணத்தை இறக்கினேன். உள்ளே வழக்கமான கண்டென்சர். பி.எல்.டி.சி. மோட்டாரில் அதற்கு வேலையே இல்லை. பழைய மோட்டாருக்கு ஒரு ரிமோட் பலகையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் கட்டாயம். இதில் பெட்டியிலும் இல்லை, ஃபேனிலும் இல்லை. வாங்கும்போது அதைக்கூட நான் தேடவில்லை.

மூன்றையும் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் எஸ்டிமேட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "ஃபேன் மூன்று என்றுதானே இருக்கிறது? பி.எல்.டி.சி. என்று எங்கே எழுதியிருக்கிறது, சார்?"

எழுதியிருக்கவில்லை.