லா மிர்ரா, மிர் அண்ட் டோங்காவா: சென்னை வெயிலில் வெள்ளைப்போளம்

ஆண்களுக்கான சென்ட் என்று கடையில் கேட்டால் எடுத்து வைப்பதில் பாதி எலுமிச்சையும் கடற்காற்றும், மீதி வெனிலா. பிசின் வாசனை பிடித்தவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதிலும் ஆங்கிலத்தில் 'மிர்' (myrrh) எனப்படும் வெள்ளைப்போளப் பிசினை நடுநாயகமாக வைத்துச் செய்தது, ஓர் ஆண் கூச்சமில்லாமல் அடித்துக்கொண்டு அலுவலகம் போகக்கூடியது என்று தேடினால் பட்டியல் இன்னும் சுருங்கிவிடும். நான் கடைசியில் மூன்றில் வந்து நின்றேன்: செர்ஜ் லூட்டன்ஸின் லா மிர், ஜோ மலோனின் மிர் அண்ட் டோங்கா, டியோரின் புவா தார்ஜான்.

காசு கொடுத்து முழு பாட்டில் வாங்கியது லா மிர். மிர் அண்ட் டோங்கா, லண்டனிலிருந்து வந்த மச்சான் கொடுத்தது. புவா தார்ஜான் என்னிடம் சின்னக் குப்பி அளவுக்குத்தான் இருந்தது, அதனால் அதைப் பற்றிக் குறைவாகவே பேசுவேன். நான் இருப்பது சென்னையில். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீர்ப்பு முழுக்க அதைச் சார்ந்தது.

மூன்றையும் எடைபோடும் முன் ஒரு வேலை இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வெள்ளைப்போளம் வாங்கி முகர்ந்து பாருங்கள். பெரிய செலவில்லை. கரியபோளம் வேறு, அது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உறையவைத்தது. பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். செம்பழுப்பில் ஒழுங்கற்ற கட்டிகளாக இருக்கும். ஒன்றை உடைத்து மூக்கருகே வைத்தால் முதலில் கசப்பு வரும். அப்புறம் அதிமதுரத்தின் இனிப்பு லேசாக, கூடவே காளான், ஈர மண், கொஞ்சம் மருந்து நெடி. சாம்பிராணியின் இதம் இதில் கிடையாது. முகம் சுளிக்க வைத்துவிட்டு மறுபடி முகரவும் வைக்கும் ஒரு வாசனை இது. சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் பக்கத்து வறண்ட நிலங்களில் வளரும் கொமிஃபோரா மிர்ரா என்ற முள்மரத்தின் பிசின். நம் குக்குலுவுக்கு நெருங்கிய உறவு.

இந்தக் கட்டியின் வாசனை மூக்கில் பதிந்துவிட்டால், விளம்பரத்தில் 'மிர்' என்று போட்டிருப்பவற்றில் எத்தனை பேர் உண்மையிலேயே அதைக் காட்டுகிறார்கள், எத்தனை பேர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

மிர் அண்ட் டோங்காவை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் ஒரு சங்கதி தெரியவரும். 2016இல் மத்தில்த் பிஜாவி அமைத்த திரவியம் இது. இதில் வரும் வெள்ளைப்போளம் சோமாலியச் சரக்கு கிடையாது. நமீபியாவின் வடமேற்கில் வளரும் கொமிஃபோரா வைல்டி என்ற இனம். அங்கே ஒமும்பிரி என்பார்கள். மரத்தைக் கீறாமல், தானாகக் கசிந்து நிற்கும் பிசினை அங்குள்ள ஹிம்பா பழங்குடிப் பெண்கள் சேகரிக்கிறார்கள். அவர்கள் தங்கள் உடம்புக்கே காலங்காலமாகப் பூசிவரும் வாசனை அது. இந்தச் சேகரிப்பு முறையை மனதாரப் பாராட்டலாம். நம் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் குக்குலு மரங்களை ஆழமாக வெட்டிப் பிசின் எடுத்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் வாசனை என்று வரும்போது, ஒமும்பிரி எண்ணெயில் பைனீன் வகைச் சேர்மங்கள் அதிகம். ஊசியிலை மரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த ஒரு தெளிவு அதில் இருக்கும். நாட்டு மருந்துக் கடைக் கட்டியின் இருண்ட கசப்பை அதில் தேடினால் கிடைக்காது.

அதன் மேல் லாவெண்டர், அடியில் டோங்கா விதை (தென் அமெரிக்க மரமொன்றின் இனிப்பு வாசனையுள்ள விதை), பாதாம், வெனிலா. அடித்த உடனே வருவது நல்ல சலூன் வாசனை, அதுவும் கொஞ்சம் வசதியான சலூன். அதில் ஆச்சரியமில்லை. டோங்கா விதையின் வாசனைக்குக் காரணமான கூமரினும் லாவெண்டரும் சேர்வதுதான் 1882இல் வந்த ஊபிகானின் ஃபூஜேர் ராயல் காலத்திலிருந்து ஐரோப்பிய ஆண்களுக்கான வாசனையின் அடிப்படை. ஆகவே 'இது ஆம்பளைங்க போடறதா?' என்ற கேள்வியே எழாது. யாரும் திரும்பிப் பார்த்து நெற்றியைச் சுருக்க மாட்டார்கள். பாராட்டுகூட வரும், எனக்கு வந்தது.

லா மிர் வேறு ஜாதி. 1995இல் கிறிஸ்டோஃபர் ஷெல்ட்ரேக் லூட்டன்ஸுக்காக அமைத்தது. அந்த நிறுவனத்தின் ஆரம்பகாலச் சரக்குகளைப் போல இதுவும் முதலில் பாரிஸின் பாலே ருவாயல் கடையில், மணி வடிவக் கண்ணாடிப் புட்டியில் விற்றது. ஆண், பெண் என்று எதுவும் எழுதியிருக்காது. அடித்ததும் முதலில் முகத்தில் அறைவது ஆல்டிஹைடு, ஷனெல் நம்பர் 5இல் பிரபலமான அந்தச் சேர்மக் குடும்பம். புது சோப்பின் உறையைப் பிரித்த கணத்தில் மூக்கில் ஏறும் அந்தக் குளிர்ந்த சுத்தம்தான் அது. கூடவே மாண்டரின் ஆரஞ்சு, கசப்புப் பாதாம். கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சத்துக்கு அடியிலிருந்து பிசின் தலைகாட்டும்: கசப்பு, அதிமதுரம், மருந்து, ஒரு துளி தேன். கடைக் கட்டி அப்படியே இருக்கும், ஆனால் குளித்துத் தலைசீவி இஸ்திரிச் சட்டை போட்டு வந்திருக்கும்.

எல்லோருக்கும் பிடிக்குமா? பிடிக்காது. முதல் அரைமணி நேரம் வீட்டில் "என்னங்க, ஆஸ்பத்திரிக்கு எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?" என்று கேள்வி வந்தது. அந்த மருந்து நெடிதான் எனக்கு வேண்டியதே என்று விளக்கிப் புரியவைக்க முடியவில்லை. பூவும் சோப்பும் இருப்பதால் சிலருக்கு இது பழைய காலப் பெண்கள் சென்ட் போலவும் படலாம். அது நியாயமான குறைதான். ஆனால் அந்தப் பூ வாசம் சீக்கிரம் அடங்கிவிடும். மத்தியானத்தில் மிஞ்சுவது பிசின் மட்டும், அதற்கு ஆண் பெண் பேதமில்லை.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? நீடிப்பா? மூன்றுமே போதுமான நேரம் நிற்கின்றன, பிசினும் கூமரினும் லேசில் விட்டுப் போகாதவை. புட்டியின் அழகா? அதற்கு இங்கே இடமில்லை. என்னைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: சட்டை நனைந்த பிறகு எப்படி இருக்கிறது?

ஐரோப்பாவில் செய்து, ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் முகர்ந்து பார்த்து முடிவுசெய்த திரவியங்கள் இவை. அங்கே சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. வாசனை மெதுவாக, துணுக்குத் துணுக்காக வெளியே வரும். இங்கே மே மாதம் காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றால் கழுத்தில் வியர்வை வழிகிறது. சூடான தோலில் எல்லாமே வேகமாக ஆவியாகும். லாவெண்டர், ஆரஞ்சு மாதிரி லேசானவை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். சாதாரணமாக நிதானமாக எழும்பவேண்டிய அடிவாசனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முண்டியடித்து மேலே வரும். ஒரு திரவியத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த ஊரில் அதன் முழு முகம்.

மிர் அண்ட் டோங்காவின் அடியில் இருப்பது டோங்கா, வெனிலா, பாதாம், அதாவது மூன்று இனிப்பு. ஏசி அறையில் அடித்துக்கொண்டு ஏசி காரில் போனால் அருமை. வெயிலில் நடந்தால் அந்த இனிப்பு கெட்டிப்பட்டுவிடுகிறது. வியர்வையின் உப்பும் அதுவும் சேர்ந்து, கழுத்துப் பட்டைக்குள் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிற உணர்வு. லிஃப்டில் ஏறும்போது நாம் நுழைவதற்கு முன்னால் அது நுழைகிறது. ஒரே ஒரு தடவை அழுத்தினாலும் இந்தக் கதைதான், அளவைக் குறைத்தால் வீச்சு குறைகிறதே தவிர குணம் மாறுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் வெள்ளைப்போளத்தைக் காணவே காணோம். அந்த மெல்லிய ஒமும்பிரி, சூட்டில் முதல் ரவுண்டிலேயே பறந்துவிடுகிறதோ என்று சந்தேகம்.

லா மிர்ரில் இது தலைகீழாக நடக்கிறது. ஆல்டிஹைடு சூட்டில் சீக்கிரம் பறந்துவிடுகிறது, அதனால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டம் குளிர்நாட்டில் இருப்பதைவிட இங்கே குறுகலாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பிறகு எழும்பி வருவது கசப்பு. கசப்பு வியர்வையோடு சண்டை போடுவதில்லை. தேன் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பிசின் அதைக் கட்டுக்குள் வைக்கிறது. வெயிலில் நடந்துவந்து அலுவலகத்து ஏசியில் உட்கார்ந்து கொஞ்சம் ஆறியதும், சட்டைக்குள்ளிருந்து உலர்ந்த, லேசான மருந்து வாசம் ஒன்று வரும். பக்கத்து நாற்காலிக்கு எட்டாது. எனக்கு மட்டும் கேட்கிற அளவு. அந்த நேரத்துக்காகத்தான் இதற்குக் காசு கொடுத்தேன் என்று சொல்லலாம்.

இதைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. காகிதப் பட்டையில் அடித்து ஏசிக்குள் நின்று முகர்ந்தால் மிர் அண்ட் டோங்காதான் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். அந்த லாவெண்டரும் பாதாமும் காகிதத்தில் அவ்வளவு அழகாக நிற்கின்றன. லா மிர்ரோ காகிதத்தில் வெறும் சோப்பாகவே வெகுநேரம் கிடக்கும். அதனால் மணிக்கட்டில் ஒன்று, முழங்கையின் உள்மடிப்பில் மற்றொன்று அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். டீ குடியுங்கள், வெயிலில் நாலு தெரு நடங்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை மோந்து பார்க்காதீர்கள், மூக்கு பழகி மரத்துப் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் போதும். முடிந்தால் கூட இருப்பவரிடம் கேளுங்கள், தன் உடம்பு வாசனைக்குத் தானே நீதிபதியாக இருப்பது கஷ்டம்.

துணியில் அடித்தால் கணக்கு வேறு. சட்டையின் உள்பக்கம் லேசாகத் தெளித்தால் தோலின் சூடு நேரடியாகப் படாது, மிர் அண்ட் டோங்காவின் இனிப்பும் அவ்வளவு கெட்டிப்படாது. அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் அந்த இனிப்பு துவைத்த பிறகும் காலரில் தங்குகிறது, மறுநாள் வேறு எதையாவது அடித்தால் இரண்டும் மோதும். வெளிர்நிறச் சட்டை என்றால் கறை படுகிறதா என்று மறைவான மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இது எல்லாத் திரவியத்துக்கும் பொருந்தும்.

புவா தார்ஜானுக்கு வருவோம். 2004இல் ஆடை வடிவமைப்பாளர் எடி ஸ்லிமான் டியோரின் ஆண்கள் பிரிவில் இருந்தபோது வந்த மூன்று திரவியங்களில் ஒன்று, அமைத்தவர் ஆனிக் மெனார்டோ. இந்த மூன்றில் ஆண்களுக்கென்றே பிறந்தது இது ஒன்றுதான். பின்னாளில் அது எல்லோருக்குமான தனி வரிசைக்குப் போய்விட்டது. வாசனையில் முன்னால் நிற்பது ஐரிஸ் கிழங்கு, அந்தப் பவுடர் போன்ற குளிர்ச்சி. வெள்ளைப்போளமும் குந்துருக்கமும் தேனும் பின்னால் நின்று தாங்குகின்றன. நேர்த்தியில் மூன்றிலும் இதுதான் உசத்தி என்று ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் வெள்ளைப்போளத்துக்காக வாங்குகிறவருக்கு இது சுற்றுவழி. தேனும் கஸ்தூரியும் வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு என் குப்பியில் சரக்கு இருக்கவில்லை. கொஞ்சம் கனத்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது, அது அன்றைய புழுக்கத்தின் வேலையாகவும் இருக்கலாம்.

விலையில் மூன்றுமே மலிவில்லை, டியோர் இன்னும் ஒரு படி மேலே. ஜோ மலோனில் 50 மி.லி. புட்டி உண்டு. அந்த நிறுவனத்தாரே ஒன்றின் மேல் இன்னொன்றை அடித்துக் கலந்து பார்க்கச் சொல்கிறார்கள். அவர்களுடைய எலுமிச்சை வகை ஏதாவது ஒன்றை இதன்மேல் அடித்தால் சென்னைக்குச் சரிப்படுமோ என்னவோ, நான் செய்து பார்க்கவில்லை. இன்னொரு புட்டிக்குக் காசு கொடுத்துத்தான் முதல் புட்டியைச் சரிசெய்ய வேண்டும் என்றால் அது எனக்கு ஒப்பவில்லை.

லா மிர் விஷயத்தில் இன்னொன்று. பழைய மணிப்புட்டிக் காலத்துச் சரக்கு இன்னும் கசப்பாக இருந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் மூக்குக்குத் தெரிந்தது இப்போது விற்பது மட்டும்தான். அதனால் பழையதைத் தேடி அதிகக் காசு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் ஆதாரமில்லை.

டொராண்டோவிலோ லண்டனிலோ இருந்து படிப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டாலும் நான் வாதாட மாட்டேன். கோட்டுக்கு அடியில் டோங்கா இதமாகவே இருக்கக்கூடும், லா மிர் அந்தக் குளிரில் வெறும் சோப்பாக விறைத்து நிற்கவும் கூடும். சென்னையிலேயேகூட ஏசி மண்டபத்தில் நடக்கும் ராத்திரி ரிசப்ஷனுக்கு மச்சான் கொடுத்ததைத்தான் அடித்துக்கொண்டு போகிறேன். பார்க்கிங்கிலிருந்து மண்டபத்துக்கு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை என்று தெரிந்தால்.