மார்க் 2 அடிபம்பு: மேலே தங்கம், அடியில்தான் வில்லங்கம்

மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் குழாய் வந்த ஊர்களில் எல்லாம் இப்போது ஒரே கேள்வி: "அதான் வீட்டுக்கு வீடு குழாய் வந்துருச்சே, அடிபம்பைக் கழற்றிடலாமா?" இத்தனை வருடம் ஊருக்காக உழைத்த பம்பு இந்த மார்க் 2. அதன் கணக்கைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதுதான் முறை.

தலைப்பகுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து 1970-களில் யூனிசெஃப் உதவியோடு உருவாகி, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் தயாரான வடிவம் இது. கைப்பிடி பால் பேரிங்கில் சுழலும். கைப்பிடி முனையில் இருக்கும் கால் பங்கு வட்டத்தின் மேல் படிந்து ஓடும் செயின், கீழே பிஸ்டன் வரை போகும் ராடை நேர்க்கோட்டில் இழுக்கும். பக்கவாட்டு இழுவை கிடையாது. அதனால்தான் ஒரு பம்புக்கு 250 பேர் என்ற அரசுக் கணக்கை அது தாங்கியது. மாதம் ஒருமுறை செயினுக்கு கிரீஸ், போல்ட் நட்டுக்கு ஒரு முறுக்கு. இந்த வேலைக்கு ஒரு ஸ்பேனர் போதும், ஊரில் யாரும் செய்யலாம்.

கோபமெல்லாம் கீழே சிலிண்டருக்குள், பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிண்ண வடிவ கப் வாஷர் மேல்தான். பம்பின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. அது தேய்ந்தால் தண்ணீர் குறையும். ஆனால் அதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். மூடியைத் திறந்து, செயினைக் கழற்றி, தலையை இறக்கி, தொட்டியைத் தூக்கி, கிளாம்ப் போட்டு, 32 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை 3 மீட்டர் 3 மீட்டராக உருவ வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் ராடை வைஸில் பிடித்துக்கொண்டு ஜாயின்ட்டைப் பிரிக்க வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் பைப், ராடு, உள்ளே நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து 150 கிலோவைத் தொடும். நாலைந்து ஆள் வேண்டும். பிடி நழுவினால் மொத்தமும் போர்வெல்லுக்குள் போய்விடும். அப்புறம் தூண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

2002-ல் வந்த மத்திய அரசின் கிராமக் குடிநீர்த் திட்டமான ஸ்வஜல்தாரா, செலவில் 10 சதவீதத்தை ஊரே கட்ட வேண்டும், பராமரிப்பை முழுக்க ஊரே ஏற்க வேண்டும் என்றது. நியாயமான நிபந்தனைதான். ஆனால் கமிட்டி போட்டு, வசூல் செய்து, வங்கிக் கணக்கு திறந்து, வாஷரையும் வாங்கி வைத்த ஊர், பைப் தூக்கும் செட் இல்லாததால் ஒன்றிய ஃபிட்டருக்குக் காத்துக் கிடந்தது. தமிழ்நாட்டின் மூன்றடுக்கு முறையில் ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், சுமார் 100 பம்புக்கு ஒரு மெக்கானிக், சுமார் 500 பம்புக்கு ஒரு வண்டிக் குழு. அந்த வண்டி வர நாளானால் "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதுவது அநியாயம். அக்கறை இருந்தது, கருவிதான் இல்லை. இதற்கு மாறாக, ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ளூர் ஆட்களையே மிஸ்திரியாகப் பழக்கிக் கருவியையும் கையில் கொடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா பகுதியில் பெண்களே பைப்பை உருவி வேலை முடித்தார்கள்.

1980-களில் கோயம்புத்தூர் பகுதியில் நடந்த கள ஆய்வு இரண்டு நல்ல காரியம் செய்தது. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. ஆயுள் பல மடங்கு கூடியது. அடுத்து மார்க் 3. இதில் பைப் 65 மி.மீ.; பைப்பை அசைக்காமல் ராடோடு பிஸ்டனையும், தண்ணீர் திரும்பிக் கீழே இறங்காமல் தடுக்கும் அடி வால்வையும் மேலே எடுத்துவிடலாம். இரண்டு பேர் போதும். விலை கூடுதல், பைப் கனம் இரட்டிப்பு, ஆழமான போருக்கு ஒத்துவராது. இருந்தாலும் ஊர் தானாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய பம்பு அதுதான்.

வாஷரா, கசிவா என்று தெரியாமல் பைப்பை உருவாதீர்கள். தண்ணீர் சீராக வரும்போது நிமிடத்துக்கு 40 அடி அடித்து வாளியில் பிடியுங்கள். 12 லிட்டருக்கு மேல் வந்தால் நலம். 10-க்குக் கீழே போனால் வாஷர் தேய்ந்திருக்கிறது. பிறகு அரை மணி நேரம் விட்டு மறுபடி அடியுங்கள். ஐந்து அடிக்குள் தண்ணீர் வராவிட்டால் அடி வால்வோ ஜாயின்ட்டோ கசிகிறது. கைப்பிடி திடீரென்று லேசானால் ராடு கழன்றிருக்கும். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து துணியில் கறை பிடித்தால் தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைச் சோதித்துப் பாருங்கள், 6.5-க்குக் கீழே இருந்தால் ஜிஐ பைப் துருப்பிடிக்கும். உகாண்டாவில் இதே பம்பின் மாற்று வடிவத்துக்கு யுபிவிசி பிளாஸ்டிக் பைப்பும் ஸ்டெயின்லெஸ் ராடும் போட்டது இதற்காகத்தான்.

கேள்விக்கு வருவோம். இத்தனை புகழுக்குப் பிறகும் சொல்கிறேன்: ஊரே பராமரிக்கப் போகிற புதுப் போருக்கு மார்க் 2 வாங்காதீர்கள். ஆழம் 30 மீட்டருக்குள் என்றால் மார்க் 3 கேளுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மார்க் 2-வைக் கழற்றவும் வேண்டாம். புயலில் நாலு நாள் கரண்ட் போனால் மேல்நிலைத் தொட்டி காலி. அப்போது ஊருக்கு அதுதான் தண்ணீர். நாலைந்து ஊராட்சி சேர்ந்து பைப் தூக்கும் செட் ஒன்று வாங்கி, கிளாம்பின் பற்கள் தேயாமல் வைத்திருங்கள். அந்தப் பல் வழுக்கினால்தான் பைப் போருக்குள் விழும்.