கூச்சி சுரங்கம்: பென் டின்னா, பென் டுவோக்கா?

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் பூயி வியன் தெருப் பக்கம் எந்த விடுதியில் தங்கினாலும், வரவேற்பு மேசையில் கூச்சி சுரங்கங்களுக்கான அரை நாள் டூர் விளம்பரம் கண்ணில் படும். பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட இடங்கள் கூச்சியில் இரண்டு இருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டூர் வேன்கள் அதிகமாகப் போவது பென் டின்னுக்கு. இன்னும் தள்ளி இருக்கும் பென் டுவோக்கில் கூட்டம் குறைவு.

இரண்டுக்கும் கதை ஒன்றுதான். 1940களில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் ஒளிந்துகொள்ளத் தோண்ட ஆரம்பித்த சுரங்கப்பாதை, அமெரிக்காவோடு நடந்த வியட்நாம் போரின்போது 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. காய்ந்தால் இறுகிக்கொள்ளும் களிமண் என்பதால் முட்டுக்கொடுக்காமலே நின்றது. 1966-ல் அமெரிக்காவின் 25-வது காலாட்படைப் பிரிவு கூச்சியில் முகாம் போட்டும் சுரங்கக்காரர்களை விரட்ட முடியவில்லை. பென் டின் கூச்சி மாவட்டக் கம்யூனிஸ்ட் கட்சிக் குழுவின் தளம். பென் டுவோக் அதைவிடப் பெரிய தலைகளின் இடம், சைகோன் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்)–ஜியா தின் பகுதியின் கட்சிக் குழுவும் ராணுவத் தலைமையும் இயங்கியது அங்கே.

பென் டின் சைகோனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காலையில் ஏறினால் மதியத்துக்குத் திரும்பிவிடலாம். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி உடன் வருவார். அவர் காலால் சருகைத் தள்ளினால் தரையில் ஒரு சின்ன மரமூடி தெரியும். மூடியை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அப்படியே குழிக்குள் இறங்க வேண்டும். தோள்கள் உள்ளே போனதும் மூடி தானாக உட்கார்ந்துகொள்ளும், மேலே சருகு மட்டும். உடனே பின்னால் இருக்கும் இருபது பேரும் அதே குழியில் படம் எடுக்க வரிசை கட்டுவார்கள். பக்கத்துத் துப்பாக்கித் தளத்தில் காசு கொடுத்து ஏகே-47 சுடுகிறவர்களின் சத்தம் விடாமல் கேட்கும். சிலருக்கு அது உற்சாகம், எனக்கு எரிச்சல். பல டூர்கள் வழியில் ஒரு கைவினைக் கூடத்திலும் நிறுத்தும், அரக்குப் பூச்சுப் படம் வாங்கச் சொல்லி.

பென் டுவோக்கிலும் துப்பாக்கித் தளம் உண்டு. ஆனால் இடம் பெரியது, மரங்கள் அதிகம், சத்தம் துரத்தாது. புகையில்லா அடுப்பை அவசரமில்லாமல் பார்க்கலாம். சமையலறைப் புகையை மண்ணுக்கடியில் நீளமான வாய்க்கால்கள் வழியாக இழுத்து, வேறோர் இடத்தில் தரையோடு தரையாகக் கசியவிடுவார்கள். விடியலுக்கு முன்னால் சமைத்தால் அது மூடுபனியோடு கலந்துவிடும், விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

பென் டுவோக்கை நான் ஒரு படி மேலே வைப்பதற்கு அங்கிருக்கும் நினைவுக் கோயில்தான் காரணம். உள்சுவர்கள் முழுக்கக் கல்லில் பொறித்த பெயர்கள், 44,000-க்கு மேல். எல்லாம் இந்தப் போர்களில் இறந்தவர்கள். சுரங்கப் பகுதி முழுக்க 'எப்படி ஏமாற்றினோம் பார்' என்ற பெருமிதம். அந்தச் சாமர்த்தியத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது இந்தச் சுவர்களில்தான் தெரியும். பென் டின் டூரில் வந்தவர்கள் அதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

செலவைப் பார்த்தால், நகரப் பேருந்தில் கூச்சி நிலையம் போய், அங்கே 79-ம் எண் பேருந்துக்கு மாறி பென் டுவோக் போவதுதான் மலிவு. ஆனால் போக வர நாளே போய்விடும். சில்லறை டாங் (வியட்நாம் பணம்) நோட்டுகள் கையில் இருக்கட்டும், திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகு டூர்களும் உண்டு, முதுகுப்பைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கையில் ஒரே நாள் என்றால், இவ்வளவு குறை சொன்ன பிறகும் பென் டின்தான் என்பேன். மதியம் திரும்பியதும் வோ வான் டான் தெருவில் இருக்கும் போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்குப் போக நேரம் கிடைக்கும். மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள் என்பதால் நேராக மேல் தளத்துக்கு ஏறிவிடுங்கள். அந்தப் போரைப் படமெடுக்கப் போய் உயிரைவிட்ட புகைப்படக்காரர்களின் படங்கள் அங்கே இருக்கின்றன, இரு தரப்பு ஆட்களும் உண்டு. ஏஜென்ட் ஆரஞ்சு (போரில் அமெரிக்கா தெளித்த, மனிதர்களையும் பாதித்த களைக்கொல்லி) பகுதிக்குள் குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம். அருங்காட்சியகம் சொல்வது வென்றவர்களின் கதைதான், அந்த நினைப்போடு பாருங்கள். அப்படியும், கூச்சியை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டால் போரை ஒரு சாகச விளையாட்டாக எண்ணிக்கொண்டு விமானம் ஏறுவீர்கள்.

இரண்டு நாள் இருந்தால் யோசனையே வேண்டாம், ஒரு நாள் பென் டுவோக், மறுநாள் அருங்காட்சியகம்.

எங்கே போனாலும் பெரிய பையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். பார்வையாளர்களுக்காக அகலப்படுத்திய சுரங்கத்திலும் குனிந்து, சில இடங்களில் தவழ்ந்துதான் போக வேண்டும். முட்டிவலிக்காரர்களும் மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களும் மேலேயே நின்றுகொள்ளலாம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடியும் மேலேதான் கிடைக்கும்.