போர்டில் ‘24 மணி நேர எமர்ஜென்சி’, உள்ளே ஒரு பையன்

பெங்களூரில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கிளினிக் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்ப்பீர்கள், அதே மாதிரி இன்னொன்றில் போய் மாட்டுவீர்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி பன்னிரண்டரை இருக்கும், நாலு வயசுப் பாப்பாவுக்கு வாந்தி, பேதி நிற்கவே இல்லை. வீட்டுக்காரர் ஓசூரில் நைட் ஷிப்ட். கீழ் வீட்டு அக்காவை எழுப்பி, அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து, சிவப்பு லைட் எரிந்த முதல் போர்டு எதுவோ அங்கே இறங்கிவிட்டேன். என் முதல் தப்பு அதுதான்.

உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள், அழுதால் கண்ணீர் வருகிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா, எதுவுமே கேட்கவில்லை. ‘ஐயாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க மேடம், டிரிப்ஸ் ஏத்தணும்’ என்றார். அந்த நேரத்தில் யார் கணக்குப் பார்ப்பார்கள், கட்டினேன். நரம்பு கிடைக்காமல் பிஞ்சுக் கையில் மூன்று இடத்தில் குத்தினார்கள். டெங்குவுக்கு, டைபாய்டுக்கு என்று ரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் ஊசி ஒன்றும் போட்டார்கள். அக்கா மெதுவாக, ‘தம்பி, வாய் வழியா ஏதாவது குடுத்துப் பாக்கலாமா?’ என்று கேட்டதற்கு ‘நீங்க டாக்டரா?’ என்று பதில் வந்தது. அவர் டாக்டரா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மொத்த பில் 9,400 ரூபாய். அதற்கு மேல் அங்கேயே மருந்துக் கவுண்டரில் ஆறு ஆரஞ்சு ஜூஸ் டப்பாவை நீட்டி, ‘ஓ.ஆர்.எஸ். தான், குடுங்க’ என்றார்கள். ஓ.ஆர்.எஸ். என்றால் வாந்தி, பேதியில் போன தண்ணீரை ஈடுகட்டக் கொடுக்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்தின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தடை போட்டுவிட்டது, ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடி வந்தது அது. டப்பாவிலிருந்து பெயர் போய்விட்டது, கவுண்டரில் இருப்பவர் வாயிலிருந்து போகவில்லை. பாப்பா ருசியாக இருக்கிறதென்று இரண்டு டப்பா குடித்தாள். விடிவதற்குள் பேதி இன்னும் அதிகமானது. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே வருமாம், மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் நேராக இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனைக்கு ஓடினோம். கூட்டம், சத்தம், உட்கார இடமில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? பாப்பாவின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விட்டு, அது எவ்வளவு நேரத்தில் பழையபடி படிகிறது என்று பார்த்தார். அப்புறம் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்து, ‘ஒவ்வொரு ஸ்பூனா குடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்க’ என்று அங்கேயே நாலு மணி நேரம் உட்கார வைத்தார். மத்தியானம் ஒன்றுக்குப் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜிங்க் மருந்து 14 நாள், அவ்வளவுதான். ராத்திரி எடுத்த டைபாய்டு வைடால் ரிப்போர்ட்டைக் காட்டினேன், காய்ச்சலே இல்லாத குழந்தைக்கு முதல் நாளே அதை எடுத்து என்ன பிரயோஜனம், டைபாய்டாகவே இருந்தாலும் அந்தப் பரிசோதனையில் தெரிய ஒரு வாரமாவது ஆகும் என்றார்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட், அதை நான் ஒரு டம்ளரில் கரைத்திருந்தேன், உப்புக் கரிக்கிறதென்று பாப்பா துப்பிவிட்டாள். துப்பியதே நல்லது, அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, பெரியது ஒரு லிட்டருக்கு. பாக்கெட்டில் போட்டிருக்கிறது, படித்துக் கரையுங்கள், கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இப்போது பிரிட்ஜ் கதவில் பாப்பாவின் எடையையும் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது, எடை தெரியாமல், பாட்டிலில் எது என்று பார்க்காமல் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் நன்றாக இருக்கும்போது, நானும் அக்காவும் வீட்டைச் சுற்றி நாலு கிளினிக்குக்கு நடந்தே போனோம். ராத்திரி ரெண்டு மணிக்கு டூட்டியில் யார், எம்.பி.பி.எஸ். தானா, குழந்தை டாக்டரைக் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டோம். கே.பி.எம்.இ., அதாவது கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவுச் சான்றிதழும் கட்டண விவரமும் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு இடத்தில் முறைத்தார்கள், இரண்டு இடத்தில் ‘சார் வருவாரு’ என்றார்கள். ஒரே ஒரு இடத்தில் நர்ஸம்மா சிரித்துக்கொண்டே டூட்டி லிஸ்டையே காட்டினார். அந்த நம்பர்தான் இப்போது போனில் இருக்கிறது, 108-க்குப் பக்கத்தில்.

புகாரும் கொடுத்திருக்கிறேன். மாவட்ட அளவில் இதற்கென்றே குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, 2017-இல் அந்த கே.பி.எம்.இ. சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. டாக்டர் பெயர் என்ன என்று கேட்டார்கள். சீட்டில் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை, பில்லில் ‘டூட்டி டாக்டர் சார்ஜ் 1,200’ என்று மட்டும் இருந்தது. அதனால் எதிர்த்தரப்பு என்ற இடத்தில் நானும் ‘டூட்டி டாக்டர்’ என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.