சின்ன மீனுக்கு எப்படி இவ்வளவு நிறம்? பீக்காக் சிச்லிட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் வீட்டுத் தொட்டியில் ஆப்பிரிக்க சிச்லிட் என்ற வண்ண மீன்களை வளர்க்க ஆசைப்படுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். விரல் நீளம்கூட இல்லாத பீக்காக் (சிச்லிட்டில் ஒரு வகை) குஞ்சு, நன்றாக வளர்ந்த ஆண் மீனைப் போல நீலமும் ஆரஞ்சுமாக மின்னினால் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் ஹார்மோன் கொடுத்து வரவழைத்த நிறம். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் போய்விடும். பணமும் போய்விடும்.

எங்கள் நாலடித் தொட்டி புதிது அல்ல. நெடுநாள் கப்பி மீன்கள் இருந்த தொட்டி, ஃபில்டர் நன்றாகப் பழகி ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு பீக்காக் போன்ற ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் மேல் ஆசை வந்தது. பேட்டைக்குள் இருக்கும் ஒரு மீன்கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே தமிழ் பேசும் தம்பி ஒருவர் வேலை செய்கிறார். நான் அவரிடம் தெளிவாகவே கேட்டேன்.

"தம்பி, இதெல்லாம் ஒண்ணா இருக்குமா? வளர்ந்தா சண்டை வராதா?"

"எல்லாம் ஒரே குடும்பம் அண்ணே, சிச்லிட்தான். சின்னதுலேர்ந்து ஒண்ணா வளர்த்தா பழகிடும்."

கடை முதலாளியும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றார். பீக்காக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் 18 வெள்ளி. அவற்றோடு மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஆரட்டஸ், ஒரு ஜோடி ஏஞ்சல், ஒரு பை நியான் டெட்ரா, இரைக்கு உறைந்த ரத்தப்புழு என்று எல்லாவற்றையும் ஒரே 'செட்' ஆகக் கட்டிக் கொடுத்தார்கள். மொத்தம் 400 வெள்ளிக்கு மேல்.

நியானைத் தவிர மற்றவை ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஈரச்சந்தையில் கறிக்கு வாங்கும் திலாப்பியாவும், கேரளத்துக் கரிமீனும்கூட அந்தக் குடும்பம்தான். அதனால் எல்லாம் ஒரு தொட்டியில் வாழும் என்று ஆகிவிடாது. மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, பிஎச் (அமில, கார அளவு) ஏறக்குறைய 8. ஏஞ்சலும் நியானும் அமேசான் பக்கத்து மீன்கள், அவற்றுக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். ஏஞ்சல் வளர்ந்தால் நியானையே விழுங்கும். ஆரட்டஸ், மலாவி மீன்களிலேயே பொல்லாதது என்று பெயர் வாங்கியது. பாறை இடுக்கில் இடம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வருவதையெல்லாம் கடிக்கும். இது மீன் விற்கிற யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

நடந்ததும் அதுதான். மறுநாள் காலை நியான் ஒன்றுகூட இல்லை. ஏஞ்சல் ஜோடியில் ஒன்றுக்கு வயிற்றுக்குக் கீழே நூல் போலத் தொங்கும் துடுப்பு இரண்டும் அடியோடு போயிருந்தது. அது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, இரை போட்டாலும் வெளியே வரவில்லை. ஏஞ்சல் இரண்டுமே பிழைக்கவில்லை. மகள் அழுததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பீக்காக்குகள் உயிரோடு இருந்தன. ஆனால் நிறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் வால் ஓரத்து ஆரஞ்சு வெளிறியது. அப்புறம் முகத்து நீலம் சாம்பலானது. கடைசியில் உடம்பில் மங்கலான குறுக்குக் கோடுகள் தெரிய, எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு மீன்கள் ஆகிவிட்டன. பயத்தாலும் மீன் வெளிறும் என்பதால் இரண்டைத் தனித் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். அவற்றுக்கும் நிறம் திரும்பவில்லை.

தெம்பனீஸில் பல வருடங்களாக சிச்லிட் வளர்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்ததும் சொல்லிவிட்டார். பீக்காக்கில் ஆணுக்குத்தான் நிறம் வரும். அதுவும் வளர வளர, மெதுவாக. பெண்ணும் குஞ்சும் சாம்பல் பழுப்பாகத்தான் இருக்கும். ஆண் ஹார்மோன் கொடுத்தால் 5 சென்டிமீட்டர் குஞ்சும் நிறம் காட்டும், பெண் மீன்கூட ஆண் போலத் தெரியும். ஹார்மோன் நின்றதும் சாயம் வெளுத்துவிடும். திலாப்பியாப் பண்ணைகளில் குஞ்சுகளை ஆணாக மாற்ற மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம்தான். அதே வகைப் பொருளை நிறத்துக்காகக் கொடுத்து, விவரம் சொல்லாமல் விற்பது ஏமாற்று. மீனுக்கும் கொடுமை. இப்படி வளர்ந்தவை பிறகு சரியாக இனப்பெருக்கம் செய்யாமலும் போகலாம்.

படங்களோடு கடைக்குப் போனேன். "உங்க தண்ணி சரியில்ல அண்ணே, அதான் கலர் போச்சு" என்றார் அதே தம்பி. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று பரிசோதித்த படத்தைக் காட்டினேன். நம் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரமைன் இருப்பதால், வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைப்பது போதாது. குளோரமைனை முறிக்கிற மருந்து போட்டுத்தான் தண்ணீர் மாற்றுகிறேன். அதையும் சொன்னேன். முதலாளி பில்லைக் கேட்டார். அதில் 'கலப்பு மீன்' என்று ஒரே வரி. "பீக்காக் என்று எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு வரி தற்செயலாக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், நிறமில்லாத குஞ்சை வாங்கி வளர்த்து நிறம் பாருங்கள், இல்லையென்றால் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த ஆணை வாங்குங்கள். ஒரே கடைத் தொட்டியில் எல்லாக் குஞ்சும் ஒரே அளவில், ஒன்றுவிடாமல் நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கையில் ஏறக்குறைய பாதி பெண்ணாக இருக்கும். பீக்காக்கோடு மஞ்சள் லேப் என்ற சிச்லிட் ஓரளவு ஒத்துப்போகும், சினோடான்டிஸ் கெளுத்தியும் பிரிஸ்டில்நோஸ் கெளுத்தியும் சேரும். ஆரட்டஸ் வேண்டவே வேண்டாம். அது பாசி தின்கிற மீன், ரத்தப்புழுவையே போட்டுக்கொண்டிருந்தால் வயிறு உப்பிச் சாகவும் கூடும். அதை அந்தச் செட்டில் சேர்த்து விற்றதைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஆரட்டஸை அந்த அண்ணன் எடுத்துக்கொண்டார். உங்களிடம் இப்படி ஒரு மீன் மாட்டினால் நீர்த்தேக்கத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அங்கே ஏற்கெனவே பீக்காக் பாஸ் போன்ற வெளியூர் சிச்லிட்கள் பெருகிக் கிடக்கின்றன.

பில்லில் ஒவ்வொரு மீனின் பெயரும், எண்ணிக்கையும், 'ஹார்மோன் கொடுக்காதது' என்ற வரியும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலுக்கும் போகலாம். தனிநபருக்கு 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. என் புகாரில் வாங்கிய அன்று எடுத்த படமும், நிறம் போன பிறகு எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நீங்களும் பையைத் திறக்கும் முன்பே படம் எடுத்து வையுங்கள்.