ஈரமான கட்டடத்தைச் சூட்டில் உலர்த்துதல்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

வெள்ளம் புகுந்த, குழாய் வெடித்த கட்டடங்களுக்கு மின் ஹீட்டர், காற்றாடி, டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுக்கும் கருவி) மூன்றும் சேர்ந்த கூட்டணி நன்றாகவே உழைக்கிறது. ஹீட்டரை மட்டும் நம்பினால் கெடுதல்தான். சூடு, சுவரிலுள்ள நீரைக் கிளப்பிக் காற்றில் ஏற்றும், அவ்வளவே. அதை வெளியேற்றாவிட்டால் குளிர்ந்த மூலையிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ போய் மறுபடி நீராகப் படியும். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த இடம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதமாகக் காட்டும் மீட்டர் ஏமாற்றுவதும் இங்கேதான். 20 டிகிரியில் 80 சதவீதம் காட்டும் அறை, 35 டிகிரியில் 35 சதவீதம் காட்டும் அறை, இரண்டிலும் ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறக்குறைய அதே 14 கிராம் நீர்! சதவீதம் விழுந்ததும் காய்ந்துவிட்டதென்று நினைத்து மூட்டை கட்டுபவர்கள் அதிகம். வெப்பநிலையையும் குறித்து, கிராமாக மாற்றி, உள்காற்றையும் வெளிக்காற்றையும் ஒப்பிடுங்கள். வெளியே கிராம் குறைவென்றால் எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். கூடுதலென்றால் சன்னலை அடைத்துவிட்டு டீஹியூமிடிஃபையரை ஓட்டுங்கள்.

தேங்கிய நீரை இறைத்து, ஊறிய கம்பளத்தை அகற்றி, வயரிங்கைச் சோதித்த பிறகே சூடு. சாக்கடை நீர் என்றால் முதலில் கழுவிக் கிருமிநீக்கம். முழு அறையையும் சூடாக்குவது வீண். நனைந்த சுவரை ஒட்டி பிளாஸ்டிக் ஷீட்டால் கூடாரம் கட்டி, காற்று சுவரை உரசிப் போகும்படி காற்றாடியைச் சாய்த்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே விட்டால் சூடேறி உருகும்.

30 முதல் 35 டிகிரி வசதியான அளவு. அதற்கு மேல் கம்ப்ரசர் வகை டீஹியூமிடிஃபையர் திணறும். 50-ஐத் தாண்டி நெடுநேரம் வைத்தால் ஜிப்சம் போர்டு வலுவிழக்கும். தீயணைப்புத் தெளிப்பான்களின் கண்ணாடிக் குமிழ் 57 அல்லது 68 டிகிரியிலேயே உடையும் வகைகள் உண்டு. சூடு கூரையடியில்தான் சேரும் என்பதால் தெர்மாமீட்டரும் அங்கேதான் தொங்க வேண்டும். மரத்தை அவசரப்படுத்தாதீர்கள்: மேல்தோல் சுருங்கி உள்ளே ஈரம் நின்றால் வெடிப்பு நிச்சயம்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. உலர்த்த வந்த கருவியே நனைக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி.

முடிந்ததா என்பதை மரத்தில் ஊசி மீட்டர் (ஊசிகளைக் குத்தி ஈரத்தை அளப்பது) சொல்லும்; ஈரம் 20 சதவீதத்துக்கு மேலிருந்தால் இன்னும் வேலை பாக்கி. நனையாத பகுதியின் மரத்திலும் ஒரு அளவு எடுத்து ஒப்பிடுங்கள். காரைச் சுவரில் உப்பு இருந்தால் அதே மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஒரு பக்கம் மட்டுமே காயும் கான்கிரீட் தளத்தில், தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, ஈரப்பத உணரியை (சென்சார்) வைத்து மூடி, 24 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஹீட்டரை அணைத்து இரண்டு நாள் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ஆழத்து ஈரம் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. காயும்போது சுவரில் பூத்த உப்பை உலர் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பெயின்டைத் தள்ளிப் போடுங்கள்.