கறுப்புக் கட்டம் போட்டால் மறைந்துவிடும் என்று சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள்

பிடிஎஃப் கோப்பில் கணக்கு எண்ணை மறைத்து அனுப்புவது எப்படி என்று ஒரு இணைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்தேன். எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து சேமித்தால் போதும் என்று அதில் இருந்தது. தலைப்புக்குக் கீழேயே 'இந்த மாதம் புதுப்பிக்கப்பட்டது' என்று வேறு போட்டிருந்தார்கள். கோப்பை வாங்கியவர் நல்ல மனிதர். "உங்க அக்கவுண்ட் நம்பர் அப்படியே இருக்கே" என்று உடனே கூப்பிட்டுச் சொன்னார்.

திறந்து பார்த்தேன். கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்தால் முழு எண்ணும் வந்து விழுகிறது. கட்டத்தையே தேர்ந்தெடுத்து டெலீட்டும் செய்ய முடிகிறது. எழுத்து கோப்புக்குள் அப்படியேதான் இருக்கிறது. கட்டம் அதன் மேல் ஒட்டிய இன்னொரு அடுக்கு, அவ்வளவுதான். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்திலும் இதே கதைதான். கறுப்புப் பட்டைக்குக் கீழே இருந்ததைச் செய்தியாளர்கள் காப்பி செய்தே படித்துவிட்டார்கள். இவ்வளவு வெளிப்படையாக நடந்த பிறகும் இந்த முறையை ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார் என்றால், தான் எழுதியதைத் தானே ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தவறைச் சுட்டிக்காட்டி அவர்களுக்கு எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அப்புறம் போய்ப் பார்த்தால், தேதி மட்டும் புதிதாகியிருக்கிறது, அந்த வரி அப்படியே நிற்கிறது. எனக்குக் கோபம் இதில்தான். தேதியை நம்பித்தானே ஆட்கள் உள்ளே வருகிறார்கள்?

இனி எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் தேதியைப் பார்க்காதீர்கள். மென்பொருளின் எந்தப் பதிப்பில் செய்து பார்த்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வேலை சரியாக முடிந்ததா என்று சோதிக்கும் வழி சொல்லியிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள மெனு உங்கள் திரையில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மறைக்க வேண்டுமென்றால், பிடிஎஃப் கோப்புகளைத் திருத்தும் கட்டண மென்பொருளான அக்ரோபாட் ப்ரோவில் 'ரெடாக்ட்' வசதி இருக்கிறது. இலவச ரீடரில் கிடையாது. அதிலும் மறைக்க வேண்டியதைக் குறித்துவிட்டு 'அப்ளை' கொடுத்தால்தான் எழுத்து நீங்கும். அது இல்லாதவர்கள் கட்டம் போட்ட பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பலாம். ஏற்கெனவே கட்டம் போட்டு யாருக்காவது அனுப்பியிருந்தால், அந்தக் கோப்பைத் திறந்து மறைத்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், வாங்கியவரிடம் இன்றே சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்.